இயற்கைக் கல்லில் சவரக்கத்தி தீட்டுவது: வாசகர் கேள்வி – பதில்

மடக்குச் சவரக்கத்தியை வீட்டிலேயே தீட்டிக்கொள்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பலருடைய சிக்கலும் ஒன்றே என்பதால் முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் தந்திருக்கிறோம். கத்தியின் தடித்த மேல்பாகத்தை முதுகு என்றும், வெட்டும் ஓரத்தை வாய் என்றும், வாயை ஒட்டி இரண்டு பக்கமும் மின்னும் மெல்லிய சரிவைப் பெவல் என்றும் இங்கே சொல்கிறோம்.

கேள்வி: என்னிடம் பெல்ஜியம் கோட்டிகுல் கல் இருக்கிறது. கத்தியும் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். ஒரு முறை தீட்டினால் சவரம் வெண்ணெயாகப் போகிறது. அடுத்த முறை அதே கத்தி தாடையில் பிடித்து இழுக்கிறது. கல்லில் கோளாறா, என் கையிலா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: கல் மாறவில்லை. கல்லின் துகளும் தண்ணீரும் கலந்து மேலே நிற்கும் குழம்பு ஒவ்வொரு முறையும் வேறாக இருந்திருக்கும். கையைக் குறை சொல்வதற்கு முன் அதைப் பாருங்கள்.

கோட்டிகுல் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியெல்சால்ம், லியெர்னு ஊர்களைச் சுற்றிக் கிடைப்பது. அந்த வெளிர்மஞ்சள் பாறைக்குள் ஸ்பெஸ்ஸார்ட்டின் என்ற மாங்கனீசு கார்னெட் மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். பன்னிரண்டு முகம் கொண்ட, உருண்டைக்கு நெருங்கிய வடிவம் என்பதால் அவை எஃகில் ஆழமாக இறங்காமல் மேலோட்டமாகச் சுரண்டும். சின்னத் துண்டுக் கல்லால் தேய்த்துக் குழம்பு எடுத்தால் இந்த மணிகள் பாறையை விட்டு வெளியே வந்து கத்திக்கும் கல்லுக்கும் நடுவில் உருளும். எஃகு வேகமாகத் தேயும். ஆனால் கத்தி முன்னே போகும்போது வாய் நேராக இந்த மணிகள் மேல் மோதிக்கொண்டே போகிறது. அதனால் பெவல் தேயத் தேய வாயும் ஓரளவு மழுங்கிக்கொண்டே இருக்கும். குழம்பு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மழுங்கல். வெறும் தண்ணீரில் தேய்த்தால் கல்லில் பதிந்த மணிகளின் நுனி மட்டும் வேலை செய்யும். மழுங்கல் இல்லை, ஆனால் வேலை மிக மெதுவாக நடக்கும்.

ஒரே கல் வேகமாகவும் வெட்டும், மென்மையாகவும் முடிக்கும் என்பதற்குக் காரணம் இதுதான். சிக்கலும் இதுதான். கெட்டிக் குழம்பில் மழுங்கிய வாயை அப்படியே தண்ணீருக்குக் கொண்டுபோனால், தண்ணீரின் மெதுவான தேய்ப்பு அந்த மழுங்கலை எடுக்காது. நூறு முறை தேய்த்தாலும் எடுக்காது. ஆகவே குழம்பைப் படிப்படியாக நீர்க்கவிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் மழுங்கலை எடுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். உங்களுக்கு நன்றாக வந்த நாளில் தற்செயலாக மெதுவாக நீர்க்கவிட்டிருப்பீர்கள். வராத நாளில் அவசரப்பட்டிருப்பீர்கள்.

முறையாகச் செய்வது இப்படி. முதலில் பெவல். இதை 1000 கிரிட் (துகளின் நுண்மையைச் சொல்லும் எண்) செயற்கைக் கல்லில் முடித்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடி டம்ளரின் அடிப்பக்கத்தில், எடையே கொடுக்காமல், வாயை ஒரே ஒரு முறை மெல்ல இழுங்கள். கையிலுள்ள முடியைக் கத்தி வெட்டாத நிலைக்கு வந்துவிடும். இப்போது 1000 கல்லில் மறுபடி தேயுங்கள். பிடிப்பக்கத்திலிருந்து நுனி வரை, எல்லா இடத்திலும், தோலை ஒட்டி முன்கை முடியைச் சிரைக்கிறதா? சிரைத்தால் பெவல் முழுதும் சேர்ந்துவிட்டது. ஒரு அங்குலம் மட்டும் சிரைக்காமல் நழுவினாலும் கோட்டிகுல்லுக்குப் போகாதீர்கள். இந்த இடத்தில் செய்யும் அவசரத்தைப் பின்னால் எந்தக் கல்லும் சரிசெய்யாது.

பிறகு கோட்டிகுல். சுமார் 150 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலமுள்ள கல்லுக்கு அரை டீஸ்பூன் தண்ணீர் போதும். துண்டுக் கல்லை வட்டமாக முப்பது, நாற்பது முறை தேய்த்தால் பால் பதத்தில் குழம்பு வரும். கத்தியின் கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடியுங்கள். முதுகும் வாயும் எப்போதும் சேர்ந்தே கல்லில் படிந்திருக்க வேண்டும். பக்கம் மாற்றும்போது முதுகைக் கல்லில் ஊன்றித் திருப்புங்கள், வாயை ஊன்றித் திருப்பாதீர்கள். ஒரு பக்கம் முன்னும் பின்னுமாக முப்பது தேய்ப்பு, மறுபக்கம் முப்பது. இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று.

முதல் சுற்றுக்குப் பின் விரல் நுனியைத் தண்ணீரில் தோய்த்து இரண்டு சொட்டு விடுங்கள். மறுபடி பக்கத்துக்கு இருபது. மறுபடி இரண்டு சொட்டு. இப்படிப் பத்து, பன்னிரண்டு முறை. பாதி தூரத்தில் குழம்பு நீர்மோர் பதத்துக்கு வந்திருக்க வேண்டும். கடைசியில் கல்லின் நிறம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு. அதற்குப் பிறகு கல்லையும் கத்தியையும் நன்றாகக் கழுவிவிட்டு, சுத்தமான தண்ணீரில், வாய் முன்னே போகும்படி, பிடிப்பக்கத்தில் தொடங்கி நுனியில் முடியும் குறுக்குத் தேய்ப்பாக ஐம்பது. இதைத்தான் எக்ஸ் தேய்ப்பு என்கிறோம்.

அழுத்தத்தை 'லேசாக', 'கொஞ்சம்' என்று சொன்னால் ஆளுக்கு ஆள் மாறும். சமையலறைத் தராசின் மேல் கல்லை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, தேய்த்துப் பாருங்கள். பெவல் வேலைக்கு 400 முதல் 500 கிராம். குழம்பு நீர்க்கும் படிகளில் 200 கிராமிலிருந்து மெல்ல இறங்க வேண்டும். கடைசித் தண்ணீர்த் தேய்ப்பில் நூறுக்குக் கீழே, அதாவது கத்தியின் சொந்த எடைக்குச் சற்று மேல். பெரும்பாலான கத்திகள் 50, 70 கிராம்தான் இருக்கும். தராசில் நாலைந்து தடவை பழகினால் கைக்கு அந்த எடை பிடிபட்டுவிடும்.

வேலை நடக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கத்தி முன்னே நகரும்போது வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய நீர்வரம்பு திரளும். வாய் கல்லோடு சரியாகப் படிந்த இடத்தில் அந்த நீர் அலகின் மேல் ஏறி ஓடும். படியாத இடத்தில் அடியில் நுழைந்துவிடும். விளக்கை எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். எந்த அங்குலத்தில் நீர் அடியில் போகிறதோ, அங்கேதான் கத்தி நாளை தாடையை இழுக்கப் போகிறது.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தீட்டுங்கள். ஓடுகிற விசிறிக்குக் கீழே கல்லின் தண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடும்; நீங்கள் நீர்க்கவிட்டதாக நினைக்கும் குழம்பு திரும்பக் கெட்டியாகியிருக்கும். அதே தேய்ப்புக் கணக்கு, வேறு விளைவு. குழம்பு கத்தியோடு ஒட்டிக்கொண்டு இழுப்பதுபோல் தெரிந்தால் அது உலர்கிறது என்று பொருள், கூர் வந்துவிட்டது என்று பொருள் அல்ல.

கடைசியாக, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: துண்டுக் கல் எத்தனை சுற்று, எத்தனை முறை சொட்டு விட்டது, ஒவ்வொரு முறையும் எத்தனை தேய்ப்பு, முடிவில் எத்தனை. ஒரு கத்தி, ஒரு கல், ஒரே கணக்கு. சரிவரவில்லை என்றால் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சொட்டையும் அழுத்தத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. இயற்கைக் கல் ஒன்றுக்கொன்று வேறுபடும். அதே குவாரியின் இரண்டு கோட்டிகுல்லுக்கே வேகம் மாறும். ஆகவே இங்கே தந்த எண்ணிக்கை தொடக்கப் புள்ளி. உங்கள் கல்லின் கணக்கை உங்கள் நோட்டுதான் சொல்லும்.

கேள்வி: கோட்டிகுல் எத்தனை கிரிட்? 8000 என்கிறார்கள், 12000 என்கிறார்கள். – திருநெல்வேலி வாசகர்

பதில்: எந்த எண்ணும் பொருந்தாது. கிரிட் என்பது சலித்து அளவு பிரித்த செயற்கைத் துகளுக்கு உரிய கணக்கு. கோட்டிகுல்லில் கீறலின் ஆழத்தை மணியின் பருமனைவிட அதன் வடிவமும், அது உருள்கிறதா பதிந்திருக்கிறதா என்பதும்தான் தீர்மானிக்கின்றன. எண் பார்த்துக் கல் வாங்காதீர்கள்.

கேள்வி: முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்டலாமா? ஒட்டினால் கோணம் கெட்டுவிடும் என்கிறார்கள். – சேலம் வாசகர்

பதில்: கெடாது, மாறும். எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். முதுகின் தடிமன் 4.3 மி.மீ., முதுகிலிருந்து வாய் வரை அகலம் 15.5 மி.மீ. உள்ள கத்தியின் வாய்க்கோணம் ஏறக்குறைய 16 டிகிரி. டேப் ஒரு சுற்று சுமார் 0.15 மி.மீ.; இரண்டு பக்கமும் சேர்ந்து 0.3. கோணம் 17 டிகிரியை எட்டும். சவரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. முதுகு தேய்ந்து அகலமான பட்டையாகிவிட்ட பழைய கத்திக்கு டேப் நல்லதே, இழந்த தடிமனைத் திருப்பித் தருகிறது. தங்க வேலைப்பாடு உள்ள முதுகுக்கு அவசியம்.

இந்த ஒரு டிகிரியைக் கோட்டிகுல்லில் வேறு விதமாகவும் பயன்படுத்துகிறார்கள். டேப் இல்லாமல் குழம்பில் பெவலை முடித்துவிட்டு, பிறகு ஒரு சுற்று டேப் ஒட்டி, நீர்த்த குழம்பில் முப்பது எக்ஸ் தேய்ப்பு, கழுவிவிட்டுத் தண்ணீரில் ஐம்பது, அறுபது. வாயின் விளிம்பில் மட்டும் மிகக் குறுகிய இரண்டாம் பெவல் விழும். தேய்க்க வேண்டிய எஃகு மிகக் குறைவு என்பதால் நீர்க்கவிடுவதில் பிசகு நேர இடமே குறைவு. யுனிகாட் என்று பெயர். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வோம். ஆனால் அடுத்த முறையும் டேப் ஒட்டியே தீட்ட வேண்டும். ஒட்டாமல் போனால் கல் விளிம்பைத் தொடவே தொடாது, ஏன் கூர் வரவில்லை என்று குழம்புவீர்கள். டேப் தேய்ந்து கிழிவதற்கு முன்பே மாற்றுங்கள். கிழிந்த டேப்பின் பசை கல்லில் ஒட்டும்.

கேள்வி: பழைய ஷெஃபீல்டு கத்தி. நடுப்பகுதியும் நுனியும் நன்றாக வெட்டுகின்றன. பிடிப்பக்கம் அரை அங்குலம் மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் வருவதில்லை. அங்கே அதிகம் அழுத்தியும் பார்த்துவிட்டேன். – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: அழுத்துவதை நிறுத்துங்கள், நிலைமை இன்னும் மோசமாகும். அலகு கழுத்தில் சேரும் இடத்தில் பல கத்திகளுக்குத் தடித்த ஒரு மேடு இருக்கும். பலமுறை தீட்டி வாய் உள்ளே போன பழைய கத்தியில் அந்த மேடு கல்லின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தவுடன் அந்தப் பக்கத்து முதுகு கல்லை விட்டு எழும்பிவிடும். அங்கே வாய் கல்லைத் தொட்டாலும் கோணம் தவறு.

உறுதிப்படுத்த மார்க்கர் பேனாவால் பெவலிலும், முதுகு கல்லில் படும் பட்டையிலும் மை பூசி, ஒரே ஒரு தேய்ப்புத் தேயுங்கள். பிடிப்பக்கத்தில் முதுகின் மை அழியாமல் நிற்கிறதா? மேட்டில் மை அழிந்திருக்கிறதா? அப்படியானால் இதுதான் காரணம்.

வழி இரண்டு. மேடு கல்லில் ஏறாதபடி அதைக் கல்லுக்கு வெளியே விட்டு, கத்தியைப் பிடிப்பக்கம் முன்னால் இருக்கும்படிச் சற்றுச் சாய்த்து எக்ஸ் தேய்ப்பு செய்வது ஒன்று. வாயின் மூலை மேட்டை ஒட்டியே இருந்தால் அது போதாது. அப்போது டைமண்ட் பிளேட்டில் (வைரத்தூள் பதித்த தகட்டில்) அந்த மூலையை மட்டும் வளைவாகத் தேய்த்து, வாய் தொடங்கும் இடத்தை மேட்டிலிருந்து சில மி.மீ. தள்ளிவைக்க வேண்டும். எஃகு சூடாகாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே செய்யுங்கள். கிரைண்டர் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். நீலம் பாய்ந்த எஃகு பதம் போனது, வீட்டில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கேள்வி: கல் சமமாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். எப்படித் தெரிந்துகொள்வது, எப்படிச் சமப்படுத்துவது? – திருச்சி வாசகர்

பதில்: கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போடுங்கள். தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் 220 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஒட்டி, கல்லை அதில் எட்டு வடிவில் தேயுங்கள். நடுவில் கோடு அழியாமல் நின்றால் கல் குழிந்திருக்கிறது. எல்லாக் கோடும் ஒரே சமயத்தில் அழியும் வரை தொடர்ந்து, பிறகு 400, 600 எனப் போய் முடியுங்கள். தரை டைல் கண்ணுக்குச் சமமாகத் தெரியும், ஆனால் பல டைல்கள் லேசாக வளைந்தவை. கல்லின் நான்கு மேல் ஓரங்களையும் சாய்வாக மழுக்கிவிடுங்கள். கூரான ஓரத்தில் வாய் இடறினால் பல் விழும், அதாவது வாயில் சிறு சில்லு பெயரும். கோட்டிகுல்லின் மஞ்சள் அடுக்கு சில சமயம் மிக மெல்லியது, ஸ்லேட் கல்லின் மேல் ஒட்டி விற்கிறார்கள். தேவைக்கு மேல் தேய்த்துக் கரைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஜப்பான் கல்லிலும் இதே முறையில் குழம்பை நீர்க்கவிடலாமா? – சிங்கப்பூர் வாசகர்

பதில்: கூடாது. கியோட்டோ பக்கத்து அவாசேதோ கல்லின் துகள் கார்னெட்டைப் போல உறுதியாக நிற்பதில்லை, தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகும். நீங்கள் தண்ணீர் விட்டு மெலிதாக்க வேண்டியதைக் கல் தானே செய்துகொள்கிறது. சீக்கிரம் தண்ணீர் ஊற்றினால் உடையாத துகளைக் கழுவித் தள்ளிவிடுகிறீர்கள். குழம்பின் நிறம் கறுத்து, தேய்க்கும் உணர்வு வழுக்கலாக மாறும் வரை அதிலேயே வேலை செய்யுங்கள். உலரும்போது மட்டும் ஒரு சொட்டு.

சவரக்கத்திக்குப் பயன்படும் அவாசேதோ மிகக் கெட்டியானது, தானாகக் குழம்பு தராது. அதற்காகவே நாகுரா என்ற மென்கல்லால் தேய்த்துக் குழம்பு எடுக்கிறார்கள். அய்ச்சி மாகாணத்து மிகாவா நாகுராக்களில் போட்டன், தெஞ்சோ, மெஜிரோ, கோமா என்று வரிசை. முதலில் வேகமாக வெட்டுவது, கடைசியில் நுண்மையானது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கல்லையும் கத்தியையும் முழுக்கக் கழுவுங்கள். முந்தையதன் ஒரு துகள் மிஞ்சினாலும் புதிய கீறல் விழும். நான்கும் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1000, 4000 செயற்கைக் கல்லில் வேலையை முடித்தவருக்கு மெஜிரோவும் கோமாவும் போதும். கடைசியில் அடிக்கல்லின் (அவாசேதோவின்) இனத்தைச் சேர்ந்த தோமோநாகுராவால் மெல்லிய குழம்பு. டைமண்ட் பிளேட்டால் அடிக்கல்லைச் சுரண்டிக் குழம்பு எடுப்பது விரைவானது. ஆனால் பிளேட்டின் கரடு கல்லில் கோடு போடும், குழம்பிலும் பெருந்துகள் கலக்கும். முடிக்கும் கட்டத்தில் தவிருங்கள்.

இந்தக் கற்களை ஊறவைக்காதீர்கள். அடுக்குப் பாறை என்பதால் பக்கவாட்டில் நீர் புகுந்து பிளக்கும். பக்கங்களுக்கும் அடிக்கும் லேக்கர் பூசிவிடுவது வழக்கம்.

கேள்வி: அர்க்கன்சாஸ் கல்லில் நூறு தேய்ப்புக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா? – சென்னை வாசகர்

பதில்: அநேகமாக இல்லை. அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் நோவாகுலைட் அது, முழுக்க நுண்குவார்ட்ஸ். குழம்பு வராது, வரவும் கூடாது. ஒளி ஊடுருவும் வகையும் கறுப்பு வகையும் மிக மெதுவானவை, முடிப்பதற்கு மட்டும் உரியவை. 8000 கல்லில் வேலையை முடித்த கத்தியை இதில் போட்டால் நூறு, நூற்றைம்பது எக்ஸ் தேய்ப்பில் மாற்றம் தெரியும். 1000 கல்லிலிருந்து நேரே வந்தால் தெரியாது.

இந்தக் கல்லில் முடிவைத் தீர்மானிப்பது அதன் மேல்பரப்பு. கரடாக இருந்தால் வேகம், பழகி மழமழவென்றானால் நுண்மை. சமப்படுத்தும்போது டைமண்ட் பிளேட்டைப் பயன்படுத்தினால் பிளேட்தான் முதலில் தேய்ந்து போகும். கண்ணாடித் தகட்டில் சிலிக்கான் கார்பைடு தூளைத் தண்ணீரில் கலந்து தேயுங்கள். பிறகு அகலமான எஃகுத் துண்டு ஒன்றை நன்றாக அழுத்தித் தேய்த்துப் பரப்பைப் பழக்குங்கள். அதற்கப்புறம் அதைத் தொடாதீர்கள். மெல்லிய மினரல் ஆயில் அல்லது தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகி ஒட்டும்.

கேள்வி: எஷர் என்று லேபிள் ஒட்டிய பழைய ஜெர்மன் கல் கிடைத்திருக்கிறது. எப்படிப் பயன்படுத்துவது? – டொரன்டோ வாசகர்

பதில்: தூரிங்கியா மாநிலத்து நுண் ஸ்லேட். ஸோன்னபர்க் நகரத்திலிருந்து உலகெங்கும் போனது. அந்த ரகம் இப்போது புதிதாக வெட்டப்படுவதில்லை. பெவல் வேலைக்கெல்லாம் இதை வீணாக்காதீர்கள். நடுக்கட்டம் முடிந்த கத்தியை மெல்லிய குழம்பில் இருபது, தண்ணீரில் முப்பது தேய்த்தால் போதும், வாய் மிக மென்மையாக வரும். ஒரு விரல் நகத்தளவு துண்டுக் கல்லும் கூட வந்திருந்தால் தொலைத்துவிடாதீர்கள், குழம்பு எடுக்க அதே இனக்கல்தான் சிறந்தது. லேபிளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமப்படுத்தத் தேவைப்பட்டால் லேபிள் இல்லாத முகத்தில் மட்டும்.

கேள்வி: தீட்டி முடித்ததும் முடி பட்டவுடன் அறுகிறது. முதல் சவரம் அருமை. இரண்டாவது சவரத்திலேயே கூர் போய்விடுகிறது. – மதுரை வாசகர்

பதில்: வாயில் பிசிறு நிற்கிறது. அளவுக்கு மீறி அழுத்தியோ, ஒரே பக்கம் அதிகம் தேய்த்தோ, விளிம்பில் மெல்லிய எஃகுத் தகடு நீண்டுவிடும். அது பார்வைக்குக் கூர், ஆனால் முதல் சவரத்தில் மடிந்தோ உடைந்தோ போகும். தொங்கும் முடியை ஒரு பக்கத்திலிருந்து பிடித்தால் உடனே அறுத்து, மறுபக்கத்திலிருந்து பிடித்தால் அறுக்காமல் நழுவவிடும் கத்தி பெரும்பாலும் இந்த வகைதான். நகைக்கடையில் பயன்படுத்தும் 10 மடங்கு லூப்பால் (உருப்பெருக்கிக் கண்ணாடியால்) வாயை நேராக விளக்குக்குக் காட்டிப் பாருங்கள். சரியான வாய் ஒளியைத் திருப்பாது. மின்னும் புள்ளியோ கோடோ தெரிந்தால் அங்கே பிசிறு அல்லது மழுங்கல்.

தீர்வு எளிது. கல்லின் மழுக்கிய ஓரத்தில் வாயை, கத்தியின் எடையைக்கூடக் கொடுக்காமல், நீளவாக்கில் ஒரே ஒரு முறை இழுங்கள். பிசிறு உதிர்ந்துவிடும். பிறகு நீர்மோர் பதக் குழம்பிலிருந்து மறுபடி தொடங்கி முடியுங்கள். இந்த முறை ஒரு பக்கத்துக்கு எத்தனையோ மறுபக்கத்துக்கும் அத்தனை. கடைசிப் பத்துத் தேய்ப்பில் ஒவ்வொரு தேய்ப்புக்கும் பக்கம் மாற்றுங்கள்.

கேள்வி: முடியறுப்புச் சோதனையில் என் கத்தி நண்பரின் கத்தியிடம் தோற்கிறது. ஆனால் சவரத்தில் என்னுடையதே மென்மை. எது உண்மை? – புதுச்சேரி வாசகர்

பதில்: சவரம்தான் உண்மை. முடியின் பருமன் ஆளுக்கு ஆள் மாறும்; எண்ணெய் தடவிய முடி அறுபடாது, கழுவி உலர்ந்த முடி அறுபடும். வேரிலிருந்து நுனி பார்த்துப் பிடிக்கிறோமா, தலைகீழாகப் பிடிக்கிறோமா என்பதிலும் விளைவு மாறும். ஒரே தலையின், ஷாம்பூ போட்டுக் கழுவிய முடியை, விரலிலிருந்து ஒரு அங்குலம் விட்டுப் பிடித்துச் சோதித்தால் உங்களுடைய நேற்றைய வேலையையும் இன்றைய வேலையையும் ஒப்பிட உதவும். இருவரை ஒப்பிட உதவாது.

கேள்வி: வாய் நேராக இல்லாமல் லேசாக வெளிப்பக்கம் வளைந்த கத்தி. கல்லில் முழுதாகப் படிவதில்லை. – ஈரோடு வாசகர்

பதில்: படியவும் வேண்டாம். அந்த வளைவு பல கத்திகளுக்குப் பிறவியிலேயே உண்டு, நேராக்கப் பார்க்காதீர்கள். பிடிப்பக்கம் கல்லைத் தொட்டபடி தொடங்கி, தேய்ப்பு முன்னே நகரும்போதே கத்தியின் கைப்பிடியை மெல்ல உயர்த்திக்கொண்டே போங்கள். தொடும் இடம் நடுவுக்கும், பிறகு நுனிக்கும் உருண்டு போக வேண்டும். 40 மி.மீ. அகலக் கல் இதற்கு 75 மி.மீ. கல்லைவிட வசதி. தேய்ப்பு எண்ணிக்கையை ஒன்றரை மடங்காக்குங்கள், ஏனென்றால் ஒவ்வொரு தேய்ப்பிலும் ஒரு பகுதிதான் கல்லைத் தொடுகிறது. மார்க்கர் மை சோதனை இங்கேயும் கைகொடுக்கும்.

கேள்வி: தோல் வாரில் எத்தனை முறை போட வேண்டும்? – நாகர்கோவில் வாசகர்

பதில்: கல்லிலிருந்து எடுத்ததும் லினன் துணி வாரில் முப்பது, தோலில் அறுபது. அன்றாட சவரத்துக்கு முன் தோலில் மட்டும் ஐம்பது போதும். முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். வாரை விறைப்பாகப் பிடியுங்கள். தொய்ந்த வாரில் தோல் வாயைச் சுற்றி வளைந்து, கல்லில் கிடைத்த கூரை உருட்டிவிடும். தீட்டியது சரியாக இருந்தும் கத்தி இழுக்கிறது என்று எழுதியவர்கள் முதலில் வாரைச் சோதியுங்கள்.

கேள்வி: சலூன் வைத்திருக்கிறேன். தாத்தா காலத்துக் கத்தியை அழகாகத் தீட்டி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்குப் பயன்படுத்தலாமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: வேண்டாம். ஒருவர் ரத்தம் பட்ட கத்தியை வெந்நீரிலோ டெட்டாலிலோ தோய்த்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பல்ல. தோல் வாரை முழுமையாகக் கிருமிநீக்கம் செய்ய வழியில்லை. மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் ரத்தத்தால் பரவுபவை. கடையில் ஆளுக்கு ஒரு புது அரை பிளேடுதான் சரி. தாத்தாவின் கத்தி உங்கள் முகத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: எவ்வளவு நாளுக்கு ஒரு முறை முழுதாகத் தீட்ட வேண்டும்? – வேலூர் வாசகர்

பதில்: பெவலில் இருந்து முழுதாகத் தீட்டுவது பல் விழுந்தாலோ துரு ஏறினாலோ மட்டும். வாரில் போட்டும் இழுக்கத் தொடங்கினால் கோட்டிகுல்லில் வெறும் தண்ணீரில் நாற்பது எக்ஸ் தேய்ப்பு செய்து பாருங்கள். திரும்பவில்லை என்றால் நீர்மோர் பதத்தில் ஒரு சுற்று, பிறகு நீர்க்கவிட்டு முடிவு. கத்தியைத் துடைத்து, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மினரல் ஆயில் ஒரு சொட்டுத் தடவி வைத்தால், கடலோர ஊரிலும் எளிதில் துரு வராது. குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள்.